இரட்டைக் கோடு

மார்ச் 4, 2025

மரபணு ஆய்வகத்தில் குளிர்பெட்டி ரிப்பேர். மதியம் வரை மெக்கானிக்கோடு மல்லுக்கட்டு. பிறகு வார்டிலிருந்து ஒரு ரத்த மாதிரி: மகிழினி, நான்கு வயது, விரிஞ்சிபுரம். வலிப்பு, வாந்தி, லாக்டிக் அமிலம் ஜாஸ்தி. தாய் பெயர் சுகுணா, பிறந்த ஊர் குடியாத்தம்.

அந்தச் சுகுணாவாக இருக்கக் கூடாது.

மார்ச் 5

அவள்தான்.

மார்ச் 6

2018 கோப்பை எடுத்தேன். சுகுணாவின் அக்கா யோகலட்சுமி, தாய்மாமன் தணிகைவேலைக் கட்டியவள். அவர்கள் பையன் ஆறு வயதில் இதே வலிப்பில் போனான். குடும்ப வரைபடத்தில், சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு போடுவது எங்கள் வழக்கம். அதைப் போட்டதுமே விடை கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அதற்கு மேல் தேடவில்லை.

சுகுணாவுக்கும் சின்ன மாமனோடு நிச்சயம் ஆகியிருந்தது. "வெளியில கட்டிக்கோம்மா, உன் குழந்தைக்கு ஒண்ணும் வராது" என்றேன். நிச்சயத்தை முறித்தார்கள். எவ்வளவு தைரியமாகச் சொன்னேன்.

மார்ச் 14

முடிவு வந்தது. பழுது மைட்டோகாண்ட்ரியாவில். செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் அது, தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். தகப்பன் மாமனாக இருந்தால் என்ன, அயலானாக இருந்தால் என்ன? பையனின் பழைய மாதிரியிலும் அதே பழுது. ஏழு வருஷமாக என் குளிர்பெட்டியிலேயே இருந்திருக்கிறது.

அக்கா தங்கை இருவருக்கும் அம்மா தனபாக்கியத்திடமிருந்து வந்தது. அன்று அந்த அம்மா என் எதிரே உட்கார்ந்து, "இன்னா சொன்ன, கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்று மூன்று தடவை கேட்டார். சர்க்கரையும் உண்டு. காது மந்தமும் சர்க்கரையும் சேர்ந்தால் இந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும். மாணவர்களுக்கு நானே பாடம் எடுக்கிறேன். கோப்பில் என் கையெழுத்தில் இருப்பது: 'காது மந்தம் — விசைத்தறிச் சத்தம்.' தறிக்காரர்கள் கத்தித்தான் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியுமாம். ஊரை அறிந்தவள் என்ற திமிர்.

மார்ச் 15

துறைத்தலைவர் பிரேம்நாத்திடம் சொன்னேன். "அப்ப இருந்த தகவலுக்கு அது சரிதான், பிரிசில்லா. பழச எதுக்குக் கிளறணும்?"

தகவலா? அந்தம்மா சத்தமா பேசச் சொல்லி எங்கிட்ட கெஞ்சிச்சே. நாந்தான கேக்கல.

மார்ச் 16

சர்ச்சுக்குப் போனேன். ஜெபம் வரவில்லை.

மார்ச் 21

வார்டில் சுகுணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலிப்புக்குப் பிறகு செயலிழந்த குழந்தையின் இடது கையை நீவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பெத்துக்கலாமான்னு அன்னிக்கு நான் உங்களத்தான கேட்டேன்."

மார்ச் 22

பஸ் பிடித்துக் குடியாத்தம். வீட்டில் யோகலட்சுமியும் அம்மாவும். தறியை நிறுத்தச் சொல்லி, சுற்றி வளைக்காமல் சொன்னேன்: நான் சொன்னது தப்பு, இது அம்மா வழியாக வருவது, யாருடைய குற்றமும் இல்லை.

"அப்ப நானும் மாமாவும் கட்டினதால இல்லியா?"

"இல்லம்மா."

"பாவம் பண்ணிட்டோம்னு அவரு ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்ட்டாரு. பொங்கலுக்குக்கூட வர்றதில்ல. ஏழு வருஷம் மேடம்."

திட்டியிருந்தால் தேவலை. காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

கிளம்பும்போது தனபாக்கியம் அம்மா, "இன்னா சொல்லிட்டுப் போறாங்க?" என்று மகளிடம் கேட்டார். யோகலட்சுமி தறியை ஓடவிட்டாள்.

ஏப்ரல் 9

மகிழினிக்கு வலிப்பு கம்மியாகியிருக்கிறது. இடது கை இன்னும் எழவில்லை. சுகுணா என்னைப் பார்த்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். அது நியாயம்தான். ஆனாலும் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 16

தனபாக்கியம் அம்மாவுக்குக் காது பரிசோதனை. யோகலட்சுமி அழைத்து வந்திருந்தாள். கூடவே நரைத்த தாடியோடு ஒருவர். கழுத்தில் ஆம்பூர் கம்பெனி அடையாள அட்டை. தணிகைவேல். வராந்தா பெஞ்சில் இரண்டு பேருக்கும் நடுவில் அம்மா.

பெயரைக் கூப்பிட்டதும் அம்மாவுக்குக் கேட்கவில்லை. "அக்கா, உன்னத்தான்" என்று அவர் தொட்டு எழுப்பி உள்ளே அனுப்பினார். நடுவில் இடம் காலியானது. இருவரும் நகரவில்லை. என் அறைக்கதவு திறந்தே இருந்தது. வேலை ஓடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து யோகலட்சுமி அந்த இடத்தில் டிபன் டப்பாவை வைத்துத் திறந்தாள். அவர் கை கழுவ எழுந்தார்.