தூக்கத்துக்காகக் குதித்தது

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது நோன்பு. இன்றைக்கும் தூக்கம் வரவில்லை. ஹெஸ்ஸா வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள், பக்கத்தில் அவள் வாப்பா. நான் அடுப்படி விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாரோ துரத்தி ஓடிவந்த மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

பிரசவத்தோடு வந்த சர்க்கரை முழுசாக இறங்கவில்லை, தினமும் உடம்பை அசைக்கணும் என்றார் டாக்டர். அதனால்தான் ஷம்னா நடத்தும் பெண்கள் ஜிம்மில் சேர்ந்தேன். நோன்பு மாதம் என்பதால் தராவீஹ் தொழுகை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வகுப்பு. வேறு எப்போது முடியும்? சாயங்காலம் தலச்சேரியில் எந்தப் பெண் அடுப்படியை விட்டு வெளியே வர முடியும்?

மார்ச் 6

தூக்கம் வரவில்லை என்று ஷம்னாவிடம் சொன்னேன். சிரித்தாள். "உடம்பு போதுமான அளவு அலுக்கலடீ. இன்னும் நல்லா குதி. கட்டை மாதிரி விழுந்துடுவே." அவளுக்கென்ன, வீட்டுக்குப் போனதும் குறட்டை விடுகிறவள்.

ஸ்கிப்பிங் கயிற்றைக் கூடுதலாகச் சுழற்றினேன். இப்போது உடம்பு படுக்கையில் கிடக்க மாட்டேன் என்கிறது. உள்ளே இன்னும் யாரோ குதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 8

விடியலுக்கு முந்தின அத்தாழச் சாப்பாட்டுக்கு எழுப்ப உம்மா வந்தபோது விழித்தேதான் கிடந்தேன்.

"என்ன மோளே, கண்ணு ரெண்டும் இப்படிச் சிவந்து கெடக்கு?"

"புள்ளை அழுதா உம்மா." பொய்.

பிறகு என் அக்கா இத்தாவிடம் உம்மா தாழ்ந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. "நம்ம ஸுஹறாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. பெத்தப்புறம் உறக்கம் போச்சு, பின்னால புத்தி போச்சு." என்னைப் பார்த்ததும் இருவரும் சட்டென்று மாவு பிசையத் தொடங்கினார்கள்.

எனக்கும் அதுதானா? எம்.காம். படித்தவள் இப்படி நினைக்கலாமா? நினைக்கிறேனே.

மார்ச் 11

ஹெஸ்ஸாவைக் குளிப்பாட்டும்போது தூங்கிட்டேன். ஒரு நொடி. ஒரு நொடிதானா? கண் மூடினது தெரியலை, திறந்தது மட்டும் தெரிஞ்சுது. தொட்டியில சரிஞ்சு கிடக்கா, காது வரைக்கும் தண்ணி. என்னைப் பார்த்துச் சிரிச்சா. படைச்சவனே — சிரிச்சா!

யாரிடமும் சொல்லவில்லை. இவருக்கு எப்படிச் சொல்வேன்? எங்கள் வீட்டோடு தங்கிய மருமகன்தான், ஆனாலும் உம்மாவுக்கு இவர் இன்னும் புதியாப்ள, புது மாப்பிள்ளை. மகளுக்குப் பைத்தியம் என்று அவர் வீட்டுக்குத் தெரிந்தால்?

இடுப்பு வலி, கொஞ்ச நாள் நீ குளிப்பாட்டு என்று இத்தாவிடம் கேட்டேன். "கயிறு குதிக்க இடுப்பு இருக்கு, பெத்ததைக் குளிப்பாட்ட மட்டும் இல்லையா உனக்கு?" என்றாள். திட்டை வாங்கிக்கொண்டேன், பிள்ளையையும் அவளிடம் கொடுத்தேன்.

மார்ச் 12

வகுப்பு முடிந்தும் நின்று குதித்தேன். தூங்கியே ஆகணும். தூங்கியே ஆகணும்.

தூங்கவில்லை.

மார்ச் 15

மாதவிலக்கு. தொழுகையும் இல்லை, வயிற்று வலியில் வகுப்புக்கும் போகவில்லை. படுத்ததுதான் தெரியும். ஹெஸ்ஸா அழுதது கேட்கவே இல்லை, இவர் உலுக்கி எழுப்பினார். பதறிப்போனேன். பிள்ளை அழுவதே கேட்காத தாயா நான்?

பிறகுதான் உறைத்தது. தூங்கியிருக்கிறேன்!

மார்ச் 17

மூன்று ராத்திரியும் தூங்கினேன். மூன்றிலும் ஜிம் இல்லை. அதுதானா? பயத்தோடு டாக்டரைக் கூப்பிட்டேன். தொட்டி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டேதான்.

"ராத்திரி பதினொண்ணு வரைக்கும் அப்படிக் குதிச்சுட்டு உடனே படுத்தா உடம்பு அடங்க வேண்டாமா?" என்றார். "சில பேருக்கு ஒண்ணும் ஆகாது. உனக்கு ஆகுது. நிறுத்தாதே, நேரத்தை மாத்து. நோன்பு திறக்கிறதுக்கு முன்னால லேசா நட. தலை சுத்தினா உட்காரு, நோன்பை விட்டுடு. தூங்கியும் பயம் போகலைன்னா நேர்ல வா. அப்புறம், இதை வீட்டுல சொல்லு."

நோன்பு திறப்பதற்கு முன்னால்! உன்னக்காய்ப் பலகாரமும் அரிசிப் பத்திரியும் தரிக்கஞ்சியும் அடுப்பில் நிற்கிற நேரம். புதியாப்ளயின் தட்டு ஒருநாள் குறைந்தாலும் உம்மாவுக்கு மானம் போகும்.

மார்ச் 18

சொன்னேன். இவரிடம், தொட்டி வரைக்கும். இவர் எழுந்து போய் ஹெஸ்ஸாவைத் தூக்கி வைத்துக்கொண்டார். முடிந்தது, இனி பிள்ளையை என்னிடம் விடமாட்டார் என்று நினைத்தேன். "பத்து நாளாத் தூங்காம என் பக்கத்துல கிடந்திருக்கே. நான் பாட்டுக்கு உறங்கியிருக்கேன்" என்றார்.

எந்த நேரம் உனக்குத் தோது என்று கேட்டார். சொன்னேன். அந்த நேரத்தில் என்ன வேலை என்று கேட்டார். "உங்க தட்டு," என்றேன்.

மார்ச் 19

சாயங்காலம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் வந்துவிட்டார். உம்மா பதறிவிட்டாள்.

"மோனே, புதியாப்ள அடுப்படிக்கு வந்தா ஊர் என்ன சொல்லும்!"

"மூணு வருஷமாச்சு உம்மா. நான் பழசாயிட்டேன்."

இத்தா சிரித்ததில் தும்மலே வந்துவிட்டது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்போது படியேறினேன். அவர் சுட்ட பத்திரியில் ஒன்றாவது வட்டமாக இல்லை. உம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரண்டு தின்றாள்.

ராத்திரி பயந்துகொண்டேதான் படுத்தேன்.

மார்ச் 25

நடக்கிறேன். தூங்குகிறேன். ஒரு ராத்திரி மட்டும் கொஞ்சம் புரண்டேன், அதற்கே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஜிம்முக்குப் பெருநாள் கழிந்து காலை வகுப்புக்கே வருகிறேன் என்று ஷம்னாவிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 28, வெள்ளி

இத்தா எண்ணெயோடு வந்து பிள்ளைக்குக் கை நீட்டினாள்.

"நானே குளிப்பாட்டுறேன்."

"இடுப்பு?"

"சரியாயிடுச்சு."

கதவைத் திறந்தே வைத்திருந்தேன். குளிப்பாட்டி முடிக்கிற வரைக்கும் பாட்டுப் பாடு என்று இத்தாவிடம் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் பாடினாள், வாசலிலேயே நின்றுகொண்டு.