சாவிச் சத்தம் கேட்டால்

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றாம் வகுப்புக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கிறேன் என்றதும், மூக்கு ஒழுகுகிற வாண்டுகளுக்கா என்று சிரித்தாயே! வகுப்பில் கம்ப்யூட்டரே கிடையாது. எல்லாம் விளையாட்டுத்தான். தரையில் சாக்பீஸ் கட்டம். ஒரு பிள்ளை ரோபோ, மற்றவர்கள் கட்டளை போடுவார்கள். தப்பாகச் சொன்னால் ரோபோ சுவரில் போய் முட்டி நிற்கும். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும்.

போன வாரம், 'இப்படி நடந்தால் இதைச் செய்' என்ற விளையாட்டு. மழை வந்தால் குடையை விரி, மணி அடித்தால் பையை எடு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். குருவி என்று நாங்கள் கூப்பிடும் குட்டி வாயே திறக்க மாட்டாள். அன்று அவளாக எழுந்து ரோபோவிடம் சொன்னாள்: "அப்பா கதவுல சாவி போட்டா, கட்டிலுக்கு அடியில போ."

விளையாட்டுப் போலவே, எதுவரைக்கும் என்று கேட்டேன்.

"அம்மா அழறது நிக்கிற வரைக்கும். நின்னாலும் உடனே வெளிய வராத."

ரோபோ மேசைக்கடியில் புகுந்துகொண்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். மணி அடித்ததும் குருவியைக் கையோடு தலைமையாசிரியையிடம் கூட்டிப்போனேன்.

தலைமையாசிரியை முதலில், "குடும்ப விவகாரம், நமக்கெதுக்கு வம்பு?" என்றார். குருவியின் சட்டைக் கையை ஏற்றி, கன்றிப்போயிருந்த அடித் தழும்புகளைக் காட்டினேன். அவரே குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் போட்டார். அன்றே தாயையும் மகளையும் பத்திரமான ஓரிடத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். எந்த இடமென்று எனக்குத் தெரியாது.

குருவியின் அப்பன் அதை நம்பவில்லை. பள்ளி வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறான். இஸ்திரி போட்ட சட்டை, தணிந்த குரல். "எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். நீங்க பயப்படாதீங்க" என்கிறான். அந்தப் 'பயப்படாதீங்க'தான் பயமுறுத்துகிறது. நேற்று என் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். "தனியாத்தான் இருக்கீங்க போல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்க்கிறோம் என்றார்கள்.

இன்று தலைமையாசிரியை என்னோடு வீடு வரை நடந்து வந்தார். குருவி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள் என்று தகவல் வந்ததாம். அதைக் கேட்டு நடுத்தெருவில் நின்று அழுதுவிட்டேன்.

அம்மாவிடம் மூச்சு விடாதே. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று மட்டும் என்னைக் கூப்பிடாதே, அக்கா. நீ ஒரு தடவை கூப்பிட்டால் போதும், நான் வந்துவிடுவேன்.

உன் தங்கை