நீ கேளாத என் பாட்டு

மார்ச் 4
மருத்துவமனையில் காது கேளாத மூன்று பேருக்கு, மருத்துவர் சொன்னதைச் சைகையில் பெயர்த்துச் சொல்லிவிட்டு வீடு திரும்பினால், மாப்பிள்ளை காத்திருக்கிறார். தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவர். பேருந்து ஓட்டுநர், கொஞ்சம் பாடுவார். அவளுக்காகவே ஒரு பாட்டு எழுதியிருக்கிறாராம். "மச்சான், நான் பாடுறேன், நீங்க கையால அவளுக்குச் சொல்லணும்."
அவர் போனதும் அம்மா, "அவ தப்பிச்சா. நாமல்ல கேக்கணும்!" என்றாள்.

மார்ச் 5
ஒரு வரி இடறுகிறது. 'நீ கேளாத என் பாட்டு பாதிப் பாட்டு.' குறை பாட்டிலா, அவளிடமா? எழுதியவரையே கேட்டேன். "தோணுச்சு, எழுதிட்டேன்" என்கிறார்.

மார்ச் 9
மாற்றிவிட்டேன். அவர் பாட, 'என் பாட்டு முழுதும் உனக்கே' என்று கைகளால் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. தொழிலில் ஒரு சொல்லையும் மாற்றியதில்லை. வீட்டில் மட்டும் — பக்கத்து வீட்டுக்காரி 'பாவம்' என்றால் 'அழகு' என்று சொல்லியே இருபது வருஷம் ஓட்டிவிட்டேனே.

மார்ச் 10
பிடிபட்டேன். அந்த மனுஷன் பாட்டெழுதிய தாளையே அவளிடம் கொடுத்திருக்கிறார்! விரல்கள் படபடக்கக் கேட்டாள்: "ஏண்ணா மாத்துன?"
"உனக்கு வலிக்கும்னு..."
"வலிக்குதா இல்லையான்னு நான்தானே சொல்லணும்? இன்னும் என்னென்ன மாத்தியிருக்க?"
தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 11
சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் நங்கென்று வைத்தாள்.

மார்ச் 13
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் 'பாவம்', பெண் பார்க்க வந்து திரும்பிப் போனவர்கள் சொன்னது, எல்லாம். அழுதது நான்தான். என் கண்ணைத் துடைத்துவிட்டு, அந்த வரிக்கு அவளே பொருள் சொன்னாள்.
"பாதி அவர் தொண்டையில இருக்கு. மீதி, பாடுறப்ப அவர் முகத்துல இருக்கு. கண்ணை மூடிட்டுப் பாடுறவருக்கு அது எப்படித் தெரியும்? அந்தப் பாதி எங்கிட்டதான் இருக்கு."
இத்தனை நாள் யாருக்கு நான் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன்?

மார்ச் 27
திருமணப் பதிவு அலுவலகம். பதிவாளர் என்னைப் பார்த்து, "இதுக்கு எல்லாம் புரியுமா? சம்மதிச்சுதான் வந்திருக்கா?" என்றார்.
அந்த 'இது'வையும் விடாமல், அப்படியே சொன்னேன்.
அவள் நிதானமாகப் பதில் சொன்னாள். அதையும் அப்படியே பெயர்த்தேன்: "எனக்குப் புரியுது சார். உங்களுக்குப் புரியணும்னுதான் எங்கண்ணனக் கூட்டிட்டு வந்திருக்கேன்."
மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். பதிவாளர் பேனாவை அவளிடமே நீட்டினார்.