போர்வைக்கு அடியில் புது கியர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க எல்லாரும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம், அதை நலம்னே வச்சுக்கோ. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும். போன் இருக்கும்போது இவளுக்கு எதுக்குக் கடிதம்னு உனக்குத் தோணும். போன்ல நான் ஆரம்பிச்சா, சரியாக் கேக்கலம்மா, அப்புறம் கூப்பிடுறேன்னு வச்சிடுவே. காகிதத்தை அப்படி வைக்க முடியாதில்ல, அதான். கடைசி வரி வரைக்கும் படி.

அப்பாவுக்கு இடுப்பு வலி விட்டபாடில்ல, பட்டறையில குனிஞ்சு ஒரு போல்ட்டைக் கழட்டிட்டு நிமிர்றதுக்குள்ள தெருவையே கூப்பிட்டுடுறார், டாக்டர் படுக்கச் சொன்னா என்ஜினை யார் உங்கப்பனா இறக்குவான்னு கேட்டுட்டு வந்துட்டார். உன் தங்கச்சிக்கு ஆபீஸ்ல ஏசிக்கு நேர் கீழ நாற்காலி போட்டிருக்காங்களாம், எப்பப் பாத்தாலும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே திரியுறா. இங்க மழை விடவே இல்ல. குளிருதும்மான்னு அவ சொன்னதால, உன் தகரப் பெட்டியில அந்த நீலப் போர்வை சும்மாத்தானே கிடக்குன்னு திறந்தேன். போர்வையை இழுத்தா கூடவே கனமா ஒண்ணு உருண்டு வந்து என் கால் விரல்ல விழுந்துச்சு. உன் பழைய பனியன்ல சுத்தின ஒரு ஐட்லர் கியர், எண்ணெய்க் காகிதம் கூடப் பிரிக்கல. இவளுக்குக் கியரைப் பத்தி என்ன தெரியும்னு நினைச்சுடாதே, உன்னை இடுப்புல வச்சுக்கிட்டே டீசல் தொட்டியில பல்சக்கரம் கழுவினவ நான். அது எந்த லாரிக்கு வந்ததுன்னு பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. அப்படியே தரையில உக்காந்துட்டேன்டா.

நம்ம பட்டறைக்கு வர்ற மீசைக்காரர் லாரி என்ஜினைப் பிரிச்சப்ப முன்பக்கக் கியர் நாலும் தேஞ்சு கிடந்துச்சு, கழுவினது நான்தான், பல்லு ஒவ்வொண்ணும் நுனி கத்தி மாதிரி ஆயிடுச்சுன்னு அப்பாகிட்டக் காட்டினதும் நான்தான். மாத்தினா நாலையும் மாத்தணும், தேஞ்ச பல்லோட புதுப் பல்லைக் கோத்தா புதுசையும் சேத்துத் தின்னுடும்னு அப்பா தலைபாடா அடிச்சுக்குவாரே, அதைக் கேட்டுத்தானே நீ வளர்ந்தே. செட்டும் வந்துச்சு. கிராங்கு கியரும் கேம் கியரும் பம்ப் கியரும் அப்படியே பூட்டிடலாம். நடுவுல நின்னு மூணையும் சுத்த வைக்கிற இந்த ஐட்லருக்குத்தான் நடு ஓட்டையில புஷ்ஷுங்கிற வளையத்தை அடிச்சு, லேத்துல குடுத்து அளவு பாத்துக் கடைஞ்சு வாங்கணும். லேத்துக்காரர் கடையைப் பூட்டிட்டு மகள் வீட்டுக்குப் போயிருந்தார், உனக்கோ பிளேன் டிக்கெட் கையில, என்ஜினை முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன்னு அப்பாகிட்ட வீராப்பு வேற. பழசையே மாட்டிட்டே. அப்பா கேட்டதுக்கு நாலும் புதுசுப்பான்னு அவர் மூஞ்சியப் பாத்துச் சொன்னே. கழட்டின கியர்ல மூணுதானே பழைய இரும்போட கிடக்கு, நாலாவது எங்கடான்னு நான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? லேத்துக்காரர் அளவுக்குன்னு வாங்கிட்டுப் போயிருக்கார்னே. கடை பூட்டிக் கிடந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், பிள்ளை சொல்றானேன்னு வாயை மூடிக்கிட்டேன். பெத்த மனசு அவ்வளவு மக்கு.

வண்டி எடுத்த நாள்ல இருந்தே என்ஜின் ஊளையிடுதுன்னு மீசைக்காரர் வந்து வந்து சொன்னார். புதுக் கியர் கொஞ்ச நாள் சத்தம் போடத்தான் செய்யும், பழகினா அடங்கிடும்னு அப்பா அனுப்பிட்டார், உன் வாக்கை வச்சுத்தான். அப்புறம் மேட்டுல லோடோட ஏறும்போது கியர் நொறுங்கி, வால்வெல்லாம் பிஸ்டன்ல அடிச்சு, என்ஜின் செத்துப் போச்சு. பின்னால உருண்ட வண்டியை மண்மேட்டுல மோதித்தான் நிறுத்தியிருக்கார். தோள்பட்டை உடைஞ்சது உனக்குத் தெரியும், இன்னும் அந்தக் கை தலை வாரக்கூட மேல போகலங்கிறது தெரியாது. உங்க வாசலை இனி மிதிக்க மாட்டேன்னு வண்டியை வேற பட்டறைக்கு இழுத்துட்டுப் போயிட்டார். அதனால உள்ள இருந்தது பழசா புதுசான்னு அப்பா கண்ணால பாக்கவே இல்ல, முன்பக்கக் கியரெல்லாம் தூளாயிடுச்சுன்னு காதால கேட்டதோட சரி.

அவசரத்துல செஞ்சதை நான் மன்னிச்சிருவேன்டா, எவன்தான் தப்பு செய்யல. அன்னைக்கு நான் போன் பண்ணினேன் பாரு, அதைத்தான் என்னால முழுங்க முடியல. புதுக் கியர் எப்படிடா நொறுங்கும்னு கேட்டதுக்கு நீ ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. கியர் மேல கவரை மூடினது சோடாபுட்டிச் சித்தப்பாதானேம்மா, அவருக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே, உள்ள ஏதாவது நட்டை விட்டுட்டு மூடியிருப்பார்னு சொன்னே. நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதை அப்பாகிட்ட ஒப்பிச்சேன். நீ பிறந்தப்ப ஆஸ்பத்திரிக்கு என்னைத் தன் சைக்கிள்ல வச்சுத் தள்ளிட்டுப் போனவர்டா அவர், கூடப் பிறக்கல, அவ்வளவுதான். அப்பா எல்லார் முன்னாலயும் குருட்டுப் பயலேன்னு கத்தினார். சித்தப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், ஸ்பேனரை எடுத்த இடத்துல வச்சார், போயிட்டார். அதுக்கப்புறம் எத்தனை தடவை போன்ல பேசியிருப்பே, மழை பெய்யுதாம்மா, பூனை குட்டி போட்டுச்சாம்மான்னு கேட்ட வாய்க்கு, சித்தப்பா வேலைக்கு வர்றாராம்மான்னு கேக்க வரலையே. இப்பத்தானே புரியுது.

கியரை அப்பா முன்னால கொண்டு வச்சேன். திருப்பித் திருப்பிப் பாத்தார், பல்லுல விரலை ஓட்டினார். கத்துவார்னு நினைச்சேன், கத்தியிருந்தாத் தேவலை. இது அவன் பெட்டியிலதான் இருந்துச்சா, நல்லாப் பாத்தியா, வேற எங்கயாவது இருந்து எடுத்திருக்கப் போறேன்னார். சுத்தியிருந்த உன் பனியனை எடுத்துக் காட்டினேன். சித்தப்பாவைப் பாக்கணும்னு செருப்பைக் கேட்டார், தெருமுனை வரைக்கும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போனார், திரும்பி வந்துட்டார். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போறதுன்னு சுவரைப் பாத்துப் படுத்துட்டார். அப்புறம் நான்தான் கியரைப் பையில போட்டு எடுத்துட்டுப் போனேன்.

சித்தப்பா இப்ப மார்க்கெட் பக்கம் ஒரு கடையில பஞ்சர் ஒட்டுறார். என்ஜின் வேலைக்குக் கூப்பிட்டா, என் கண்ணை நம்பி யாரும் குடுக்காதீங்கன்னு அவரே சொல்லிடுறாராம். கண் டாக்டர்கிட்டப் போயிருக்கார், பழைய பவரே போதும்னு சொல்லியும் நம்பலையாம். தூக்கத்துல நட்டு எண்ணுறார் அக்கான்னு அவர் பெண்சாதி சொன்னா. என்னைப் பாத்ததும் கையைத் துடைச்சுக்கிட்டு, வாங்கக்கா, அண்ணனுக்கு இடுப்பு எப்படி இருக்குன்னுதான் முதல்ல கேட்டார். நான் கியரை அவர் கையில வச்சு எல்லாத்தையும் சொன்னேன். கவரை மூடும்போது பாக்கலையான்னு கேட்டேன், எல்லாத்துலயும் கிரீஸ் அப்பியிருந்துச்சு, தம்பி பாத்தாச்சுன்னான், அவன் பாத்தா நான் பாத்த மாதிரிதானேக்கான்னார். கியரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போய் ரொம்ப நேரம் பாத்தார். திட்டுவார்னு காத்திருந்தேன். "அப்ப நட்டு எதுவும் உள்ள விழலையாக்கா?" அப்படின்னு கேட்டார். அவ்வளவுதான்டா கேட்டார். எனக்கு அங்கேயே செத்துடலாம் போல இருந்துச்சு. கிளம்பும்போது, தம்பிக்கு ஒண்ணும் எழுதாதீங்க, தூர தேசத்துல தனியா இருக்கிற பிள்ளை, மனசு உடைஞ்சிடும்னார். நான் எழுதுறேன். உடையட்டும்.

உன்னைப் பத்தி யாராவது கேட்டா தங்கமான பிள்ளைன்னு சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன், நேத்து பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டா, நல்லா இருக்கான்னு மட்டும் சொன்னேன். மீசைக்காரர் வீட்டுக்கு அப்பாவும் நானும் நாளைக்குப் போறோம். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு நிக்கத்தான் போறோம், அதுக்கு நீ வர முடியாது, பரவாயில்ல. உன்னால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. இதைப் படிச்சதும் முதல்ல சித்தப்பாவுக்குப் போன் பண்ணு, நம்பர் மாறல. நட்டு விழலை, பழசை மாட்டினது நான்தான்னு உன் வாயால சொல்லு. அதைச் செய்யாம எனக்குப் போன் பண்ணாதே, அடிச்சா எடுக்க மாட்டேன்.

தலைக்குக் குளிச்சா ஈரத்தோட வெளிய போகாதே, உனக்குச் சட்டுனு நெஞ்சுல கட்டிக்கும். வெறும் வயித்துல டீ குடிக்காதே. எங்க இருந்தாலும் நோய் நொடி இல்லாம நீ நல்லா இருக்கணும், அந்த வேண்டுதல்ல ஒரு சொல்லும் குறையல.

போனை மறந்துடாதே. கியரைக் கையில வச்சுப் பாத்தும், நான் சொன்னதைச் சித்தப்பா இன்னும் பாதிதான் நம்புறார். தம்பி சொன்னாச் சரியா இருக்கும்க்கான்னு வாசல் வரைக்கும் வந்து சொல்லி அனுப்பினார். உன் பேச்சை அப்படியே நம்புற ஆளுன்னு இனி இங்க அவர் ஒருத்தர்தான் இருக்கார்.

இப்படிக்கு,
அம்மா