சத்தம் கேட்காமல் படித்த இங்கிலீஷ்

இன்று காலை அது முதலில் என் மூக்குக்குத்தான் தெரிந்தது. கிராம்பு வாசனை. நம் தறிக் குடோனில் எண்ணெயும் பாவுக் கஞ்சியும் தவிர வேறெதுவும் மணக்காது என்பது உனக்குத் தெரியும். கிராம்பை மென்றுகொண்டே பேசும் ஒருத்தியையும் உனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்ப்பதற்குள்ளேயே அவள்தான் என்று தெரிந்துவிட்டது, அக்கா.

அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் நாம் படித்ததிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு நான் சோமனூருக்கு வந்தபோது நீ பக்கத்துத் தறியில் இருந்தாய். என்னைவிட மூன்று வயது பெரியவள். பதினாறு விசைத்தறி ஓடும் இடத்தில் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்தும் கையைப் பார்த்தும்தான் எல்லோரும் பேசிக்கொள்வார்கள். இரண்டு விரலை ஒட்டிப் பிரித்தால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்து நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால், ஆபத்து, தறியை நிறுத்து. முதல் வாரமே என் துப்பட்டா நுனி பெல்ட்டுக்குள் போகப் பார்த்தபோது நீ எனக்கு அந்த வெட்டைத்தான் காட்டினாய்.

வாயைத் திறக்கவே கூச்சப்படும் எனக்கு அந்த இரைச்சல் பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னிடம் பேச்சை எதிர்பார்க்கவில்லை. நீ மட்டும் விடமாட்டாய். "ஏனம்மணி, வாயை ஊட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?" என்று வெளியே வந்ததும் கேட்பாய்.

சாப்பாட்டு நேரத்திலும் பாதித் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும். பஞ்சு அடைத்து ஸ்பீக்கர் கெட்டுப்போன உன் போனைச் சுவரில் சாய்த்துவைத்து அந்தக் குட்டி வீடியோக்களைப் பார்ப்போம். ஊர் ஊராகக் கடற்கரையில் நடக்கும் ஒரு பெண். ஒரு நிமிடத்துக்கு மேல் பேசமாட்டாள். ஹார்பர், ஃபெர்ரி, கடல் ஏறி இறங்கும் டைட் என்று ஒரு தடவைக்கு மூன்று வார்த்தை, கீழே எழுத்து ஓடும். அவள் குரல் எப்படியிருக்கும் என்று நமக்குத் தெரியாது. அவள் உதடு போகிறபடி நம் உதட்டையும் அசைப்போம். ஞாயிற்றுக்கிழமை நொய்யல் பாலத்துக்குப் போய்த்தான் அந்த வார்த்தைகளுக்குச் சத்தம் கொடுத்துப் பார்ப்போம். மழை பெய்த மறுநாள் ஆறு முழுக்க வெள்ளை நுரை மிதந்தது. "பாரு அம்மணி, நம்மூரு பீச்சு. அலை வராது, நுரை மட்டும் வரும்" என்றாய். நாம் இருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை.

ஒரு வீடியோவில் மட்டும் அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. ஈர மணலில் கிளிஞ்சல்கள் பளபளத்தன. பொறுக்கப் போகாதே, போன தண்ணீர் திரும்பி வரும் என்றாள். நீ அதை உன் பாணியில் மாற்றி வைத்துக்கொண்டாய். "தண்ணி பின்னால போனா நாம முன்னால போகக் கூடாது." நாடாவில் தார் நூல் தீர்ந்தால், பஸ் போய்விட்டால், எதற்கெடுத்தாலும் அதையே சொல்லிச் சிரிப்பாய்.

அந்தக் கிராம்புக்காரி வந்தது அதற்குப் பிறகுதான். மேற்குக் கடற்கரையில் ஒரு விடுதிக்கு, வருகிறவர்களை வரவேற்றுப் பேச, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றாள். உங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து நம் இருவரையும் பேசச் சொன்னாள். நீ ஹார்பரில் தொடங்கி ஃபெர்ரி வரைக்கும் ஓட்டினாய். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"இந்தக் கண்ணு சரியான வாயில்லாப் பூச்சியா இருக்குதுங்க. இதைக் கொண்டுபோயி நான் என்னங்க பண்றது?" என்று உன் அம்மாவிடம் சொல்லி, கிராம்பைக் கடித்தாள். உன் ஆதார் அட்டையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "அங்க வந்து தாரனுங்க."

பஸ்ஸில் ஏறும்போது நீ என்னைத் தேற்றினாய். "நான் போயி கடலைப் பாத்துப்போட்டு உனக்குப் போன் பண்றேன். அலைச் சத்தம் கேக்கலாம்."

முதல் வாரம் பேசினாய். அலைச் சத்தமும் கேட்டது. அடுத்த வாரம் நீ பேசும்போது பக்கத்தில் யாரோ நிற்பது போலிருந்தது. என்ன கேட்டாலும் "நல்லா இருக்கறனுங்க" என்றாய். என்னிடம், 'ங்க' போட்டு. பிறகு போனே வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த விடுதியின் வீடியோ ஒன்று வந்தது. நீலச் சேலையில் நீ மாடியில் நின்றாய். பாட்டுப் போட்டு உன் குரலை மறைத்திருந்தார்கள். உதடு வெல்கம் என்றது. பின்னால் கடல் தூரமாகப் போயிருந்தது. கடைசி நொடியில் முந்தானையைச் சரிசெய்வது போல உன் கை மேலே வந்தது. உள்ளங்கை கவிழ்ந்தது. நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வெட்டு. இன்னொரு வெட்டு. சிரிப்பு அப்படியே இருந்தது.

நான் உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா அதே வீடியோவைத் தெருவில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "என்ற புள்ளையைப் பாரு கண்ணு, மகாராணியாட்ட நிக்கறா."

"அத்தை, அக்கா கை..." என்றேன்.

"கைக்கு என்ன? வளையல் புதுசு."

சுற்றி ஏழெட்டுப் பேர் என்னையே பார்த்தார்கள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கு அவர் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

பதினோராம் நாள் விடுதியிலிருந்து போன் வந்தது. குளிக்கப் போன இடத்தில் கடல் இழுத்துப் போய்விட்டது என்றார்கள். கூட யார் போனார்கள் என்று கேட்டதற்கு ஆளுக்கொன்று சொன்னார்கள். உன்னைக் கொண்டுவந்த பெட்டியைத் திறக்க விடவில்லை. கடலைப் பற்றி அவ்வளவு படித்த நீயா அப்படிப் போவாய் என்று கேட்க எனக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தறியில் பழகிய வாய்.

உன் அந்த இரண்டு வெட்டையும் வெட்டாகவே பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை ஒன்றரை வருடமாகச் சுமக்கிறேன்.

இன்று காலை அவள் குடோன் வாசலில் நின்றாள். அதே கைப்பை. என்னைத் தாண்டித்தான் போனாள், அடையாளம் தெரியவில்லை. பேசாதவளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? நேராக சங்கீதாவிடம் போனாள். உனக்கு அவளைத் தெரியாது. இப்போது உன் தறியில் நிற்பவள், பத்தாவது வரை படித்தவள், எப்போதும் போனில் ஏதாவது இங்கிலீஷ் முணுமுணுப்பவள். இரண்டு பேரின் உதடும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "கடல் பாத்திருக்கியா கண்ணு?" என்றாள் அவள். "இல்லீங்க" என்று சிரித்தாள் சங்கீதா. இடுப்புப் பைக்குள் கைவிட்டு ஆதார் அட்டையை எடுத்தாள்.

நான் நெஞ்சுக்குக் குறுக்கே வெட்டினேன். சங்கீதா என் பக்கம் பார்க்கவில்லை. மறுபடியும் வெட்டினேன்.

பிறகு என் தறியை விட்டு நகர்ந்து, சுவரோரமாக நடந்து, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன். பதினாறு தறியும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்து, முதலில் உன் பெயரைச் சொன்னேன்.