மூன்றாவது குடம்

அக்கா,

இன்று காலை தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டதும் என் கை தானாக உன் பச்சை பிளாஸ்டிக் குடத்தை எடுத்தது. விளிம்பில் விரிசல் விட்ட இடத்தில் நீ கத்தியைச் சூடாக்கி ஒட்டிய தழும்பு விரலில் பட்டது. குடத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த உன் வீட்டைக் காலி செய்து பூந்தமல்லிப் பக்கம் போனபோது உன் மகன், "இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்று வைத்துவிட்டுப் போன குடம் இது. கோடை வந்தால் மேனாம்பேட்டில் நம் தெருவுக்கு லாரிதான் கதி. வரிசையில் மூன்றாவது குடம் உன்னுடையது, நான்காவது என்னுடையது. உன் முதுகைப் பார்த்தபடியே பல கோடைகளைக் கழித்தவள் நான்.

போன வருஷம் அந்த வரிசையில்தான் என் பேத்தி பவித்ரா கம்ப்யூட்டர் வேலை இன்டர்வியூவுக்குப் படித்தாள், ஞாபகம் இருக்கிறதா? யாருக்காவது சொல்லிக் காட்டினால்தான் மனதில் நிற்கும் என்று ஆயாவான என்னையும், அவள் பெரியாயா என்று கூப்பிடும் உன்னையும் பிடித்துக்கொண்டாள்.

"கலெக்‌ஷன்னா பெருசா ஒண்ணும் இல்ல பெரியாயா. நிறைய பொருளைச் சேர்த்து வைக்கிற ஏனம். லிஸ்ட்டுன்னா இந்தக் குட வரிசை மாதிரி. யாருக்கு அப்புறம் யாருன்னு மாறாது. செட்டுன்னா ஒரு தடவ வந்தது மறுபடி வந்தா சேர்த்துக்காது."

"அப்போ உங்க ஆயா பேச்ச அதுல போடு. சொன்னதையே சொல்லுவா, பாதிக்கு மேல வெளிய நிக்கும்" என்றாய் நீ. லாரிக்காரர்கூடச் சிரித்தார்.

மேப் என்பதைக் கோயில் வாசலில் செருப்புக்குக் கொடுக்கும் டோக்கனை வைத்துச் சொன்னாள். வரிசையைத் தேட வேண்டாம். டோக்கனை நீட்டினால் அதற்குரிய செருப்பு வந்துவிடும். அதுபோல் பேரைச் சொன்னால் பொருள் வரும்.

"டோக்கன் கீது, செருப்ப எவனோ மாட்டிகினு பூட்டான். அப்போ?"

"அப்படியும் இருக்கும் பெரியாயா. பேர் மட்டும் இருக்கும். கூப்பிட்டா, 'ஒண்ணும் இல்ல'ன்னு பதில் வரும். அது பூஜ்யம்கூட இல்ல."

அது உனக்கு விளங்கியது. லிஸ்ட்டில்தான் சண்டைக்குப் போனாய். நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் இடம் காலியாக நிற்காது, பின்னால் இருப்பதெல்லாம் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்துவிடும் என்றாள் அவள்.

"அதெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல. எங்க தெருவுல ஒரு செங்கல்ல வச்சிட்டுப் போனா, ஆள் வர்ற வரைக்கும் எடம் நிக்கும்."

அவளுக்கு வேலை கிடைத்த அன்று, "நாங்க மூணு பேரும் பாஸ்" என்று தெரு முழுக்கச் சொன்னவள் நீ. நான் ஐந்தாவது படித்தவள். என் பேத்தி கம்ப்யூட்டருக்கே வரிசையில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தப் பெருமையை உன்னிடம் சொன்னால் கேலியோடு திரும்பி வரும். மற்றவர்கள் "அப்படியாம்மா" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அவளும் பெங்களூருக்குப் போய்விட்டாள்.

தை மாதம் நீ கண்ணை மூடினாய். கோடையில் லாரி வந்த முதல் நாளே உன் குடத்தை மூன்றாவதாக வைத்தேன். தெருவில் யாரும் அதை நகர்த்தவில்லை. லாரிக்காரரும் நிரப்பினார். அந்தத் தண்ணீரை எதற்குப் புழங்குவது என்று தெரியாமல் மூடி வைத்தேன். அதற்குப் பிறகும் லாரி வரும்போதெல்லாம் அதை வரிசையில் வைத்தேன்.

உன் வீட்டுக்கு இப்போது திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி குடிவந்திருக்கிறாள். அவளுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். ஊர் வழக்கம் தெரியாததால் எப்போதும் கடைசிக் குடம் அவளுடையது. போன தடவை என்னிடம் கேட்டாள்: "பாட்டி, இது யாரு குடம்? ஆளையே காணோமே."

"வந்துகினு கீறாங்க" என்றேன். செங்கல் வைத்த இடத்துக்கு நம் தெரு சொல்லும் பதில், யோசிக்காமல் வந்துவிட்டது. அவள் நம்பினாள். அவள் முறை வந்தபோது லாரிக் குழாயில் காற்றுதான் வந்தது. காலிக் குடத்தோடு உன் வாசற்படி ஏறினாள். என் இடுப்பில் உன் குடம் நிறைந்து தளும்பியது.

உனக்காக மட்டுமா அதை வரிசையில் வைத்துவந்தேன்? இல்லை அக்கா. உன் குடத்தை எடுத்தால் மூன்றாவது இடத்துக்கு நான் நகர வேண்டும். உன் முதுகு இருந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை நாள் பயந்தேன்.

இன்று உன் குடத்தை உள்ளே கவிழ்த்து வைத்துவிட்டு என்னுடையதை மட்டும் கொண்டுபோனேன். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொரு குடமாக முன்னால் தள்ளினார்கள். பவித்ரா சொன்னது சரிதான், இடம் காலியாக நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் குடம் கழுத்து வரை நிறைந்தது. "இன்னைக்குக் கிடைச்சிட்டு பாட்டி" என்று சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கியதும் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பி, "யக்கா, தண்ணி புடிச்சிட்டியா" என்று கேட்டேன். அந்தப் பக்கம் புதுப் பெண் பாத்திரம் தேய்க்கும் சத்தம்தான் வந்தது.

வரிசையில் உன் இடத்தைக் கொடுத்துவிட்டேன். யக்கா என்ற டோக்கன் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்கும் கூப்பிடுவேன்.