காலியாகத் திரும்பிய லாரிகள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். அம்மாவின் முழங்கால் வலி தேவலை, படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள், மாடிப்படியை நான்தான் கண்டுபிடித்தேன் என்பதுபோல. தையல்காரர் விஷயத்தை நீ போனில் கேட்டபோது முழுசாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எதிர்வீட்டுத் தையல்காரர் கொசுக்காய்ச்சலில் படுத்து ஒன்பதாம் நாள் போய்விட்டார் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். நம் தெருவில் மட்டும் பதினோரு பேர் படுத்தார்கள். மறுவாரம் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண்மணி வந்தார், தெருக்கோடியில் பழைய டயர் குவிந்து கிடந்ததே, அந்தக் காலி மனைக்கு அவரை நான்தான் கூட்டிப்போனேன். டயர்க் கடைக்காரர்கள் வருஷக்கணக்காகக் கொட்டியது. அவர் ஒரு டயரைச் சாய்த்து உள்ளே தேங்கியிருந்த மழைத்தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார், புழு நெளிந்தது. “இது ஒண்ணே உங்க தெருவுக்குப் போதும் சார்” என்றார். எனக்குப் புழு கண்ணில் படவில்லையம்மா. டயரின் உள்பக்கத்தில் மஞ்சள் பெயிண்டில் என் கையெழுத்து இருந்தது. நான் வேலை பார்க்கும் டயர்க் கிடங்கிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு டயரிலும் நான் போடுவதுதான். பக்கத்தில் கிடந்ததையும் புரட்டினேன், அதிலும் இருந்தது. முப்பதுக்கு மேல் புரட்டக் கை வரவில்லை.

இருபத்திரண்டு வருஷமாகப் புது டயரைக் கடைக்கு அனுப்புவதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன், தேய்ந்தபின் அது எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாலாம் நாள் முதலாளி முன்னால் போய் நின்றேன். நம் லாரி நிறைய ஏற்றிக்கொண்டு கடைகடையாகப் போகிறது, திரும்பும்போது காலியாகத்தானே வருகிறது, புதுசை இறக்கும் கையோடு பழசை ஏற்றி வந்துவிட்டால் கிடங்கில் சேர்த்து, ரப்பரைத் தூளாக அரைக்கும் ஆலைக்கு அனுப்பிவிடலாமே என்றேன். “நாம டயர் விக்கிறோமா, குப்பை அள்றோமா?” என்று கேட்டார். “வித்தது நாமதானே சார்” என்று என்னை அறியாமல் வந்துவிட்டது. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவரோ, ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு மாசம், தனியாக ஆள் கிடையாது என்றார்.

டிரைவர்கள் முதலில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மொட்டை என்ற டிரைவர் வந்தார், பேர்தான் மொட்டை, தலை நிறையச் சுருட்டைமுடி. அவர் தங்கையும் இதே காய்ச்சலில் படுத்துப் பிழைத்தவள். நானும் அவருமாகக் கடைகளிலும் அந்தக் காலி மனையிலும் கிடந்த ஒவ்வொரு டயரையும் தட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடுக்கினோம். அம்மா என் சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டாள். மாசக் கடைசியில் முதலாளி வந்து அடுக்கைச் சுற்றிப் பார்த்தார். மறுநாள் இன்னும் இரண்டு வண்டிக்கு உத்தரவு வந்தது.

நேற்று அந்த மனையில் கடைசி லோடு ஏற்றினோம். தையல்காரர் வீட்டம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லிவிட்டேன், இதில் பாதி என் கை வழியாகப் போனது, என் கையெழுத்து இருக்கிறது என்று. “தெரியும்ண்ணா. போன வருஷமே அவரு பாத்துட்டு வந்து சொன்னாரு. உங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு விட்டுட்டாரு” என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதற்குப் பதில் சுவரோரம் புல்லுக்குள் இன்னும் நாலு கிடக்கிறது என்று காட்டி, அதில் ஒன்றைத் தானே நிமிர்த்தி லாரி வரைக்கும் உருட்டி வந்தார்.

அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் ஏதாவது தப்பாகத் தெரிந்தால், அப்பா மனசு நோகுமே என்று பார்க்காதே, அன்றைக்கே சொல்லிவிடு. உங்கள் காருக்கு டயர் மாற்றினால் பழசு எங்கே போகிறது என்று ஒரு வார்த்தை கேள். இரண்டு பேரும் நோய்நொடி அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. பால்கனித் தொட்டிகளின் அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா